டெலிவரிக்கு வந்தவர் தள்ளிவிட்டார், டாக்டர் சீட்டில் "படியில் விழுந்தார்" என்று இருக்கிறது. கேஸ் நிற்குமா?

ஊசிநூல் (திருப்பூர்):

வணக்கம். எனக்கு 46 வயது. வீட்டில் வைத்துத் தைக்கிறேன். பிளவுஸ், சுடிதார், அப்புறம் கம்பெனியில் இருந்து பீஸ் வந்தால் அதுவும். தீபாவளி வேலைக்காக ஒரு ஓவர்லாக் மெஷின் ஆன்லைனில் வாங்கினேன். விலை 11,400 ரூபாய். பணத்தை முன்னாடியே கட்டிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே முக்கால் இருக்கும். வேனில் கொண்டு வந்தார். எங்கள் வீடு மாடி. வெளிப்பக்கமாகப் படி, மொத்தம் பதினான்கு. பெட்டியைக் கீழேயே வைத்துவிட்டு மேலே ஏறி வந்து ஓ.டி.பி. கேட்டார். நான் எட்டிப் பார்த்தேன். பெட்டியின் ஒரு மூலை கிழிந்து, தெர்மக்கோல் வெளியே உதிர்ந்து கிடந்தது. பழைய டேப்புக்கு மேல் புது டேப் ஒட்டியிருந்தார்கள். "பிரித்து ஒரு தடவை பார்த்துவிட்டு நம்பர் சொல்கிறேன் தம்பி" என்றேன். "பிரிக்கிறதெல்லாம் எங்க வேலை இல்லை, இன்னும் முப்பது வீடு இருக்கு" என்றார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். சட்டென்று என் கையில் இருந்த போனைப் பிடுங்கினார். மெசேஜ் மேலேயே தெரிந்துகொண்டு இருந்தது. அதைப் பார்த்துத் தன் போனில் நம்பரைப் போட்டுவிட்டார்.

போனைக் குடு என்று அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். இதை மறைக்கவில்லை. அவர் என் தோளில் உள்ளங்கையை வைத்து ஒரே தள்ளு. மூன்று படி கீழே போய் வலது கையை ஊன்றி விழுந்தேன். போனைப் படியில் எறிந்தார், கண்ணாடி உடைந்துவிட்டது. எழுத முடியாத வார்த்தை இரண்டு சொன்னார். தெருவில் இருந்த நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் தப்பு இதற்கு அப்புறம்தான். சாயங்காலம் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கொழுந்தனார் வண்டியில் தனியார் கிளினிக்குக் கூட்டிப் போனார். கிளம்பும்போதே மாமியார், "வாசலில் ஆம்பளையோடு சண்டை போட்டேன்னு ஊருக்குத் தெரிய வேண்டாம், வழுக்கி விழுந்தேன்னு சொல்லு" என்றார். நானும் அப்படியே சொன்னேன். டாக்டர் சீட்டில் "படியில் வழுக்கி விழுந்தார்" என்று இங்கிலீஷில் இருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, சுளுக்கு என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

இரண்டு நாள் தூக்கம் இல்லை. கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. வியாழக்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். மனு வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், அதாவது மனு வந்தது என்பதற்கான ரசீது மட்டும், எஃப்.ஐ.ஆர். இல்லை. "சின்ன தள்ளுமுள்ளு, கம்பெனியில் சொல்லி ஆளைக் கூப்பிட்டுப் பேசி முடிச்சுக்கலாம்" என்றார்கள். கம்பெனியில் இருந்து போன் செய்து, மெஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் தருகிறோம், கூடவே 1,000 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்றார்கள். "உங்கள் புகார் தீர்ந்ததா, ஆம் அல்லது இல்லை" என்று ஒரு மெசேஜ் வந்து நிற்கிறது. நான் எதையும் அழுத்தவில்லை.

கேள்வி இதுதான். அந்தச் சீட்டு இருக்கும்போது நான் சொல்வதை யாராவது நம்புவார்களா? எஃப்.ஐ.ஆர். போட வைக்க வழி இருக்கிறதா? கம்பெனிக்குப் பொறுப்பு உண்டா? இன்னொன்று. பக்கத்துத் தெருவில் ஒருவர், "சேலையைப் பிடிச்சு இழுத்தான்னு ஒரு வரி சேர்த்துக்கோ, அப்பதான் போலீஸ் ஓடும்" என்கிறார். அவர் சேலையைத் தொடவே இல்லை. பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சேர்க்காவிட்டால் கேஸே நிற்காதோ என்று பயமாகவும் இருக்கிறது.

---

ஓய்வுபெற்ற ரைட்டர்:

அம்மணி, நான் ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நிறைய மனு எழுதியிருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில். சேலை விஷயம் வேண்டவே வேண்டாம். எதிர் வீட்டுக் கேமராவில் நடந்தது பதிவாகியிருந்து, அதில் அப்படி ஒன்று இல்லை என்றால் உங்கள் மற்ற எல்லா வார்த்தையும் பொய் ஆகிவிடும். நடந்ததை எழுதுங்கள். எந்தப் பிரிவு என்பதை அதிகாரி பார்த்துக்கொள்வார். அவர் போனைப் பிடுங்கினார், தள்ளினார் என்று உள்ளபடி எழுதினாலே போதுமான சங்கதி இருக்கிறது.

சீட்டு விஷயம். பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப் போடாமல் சரி செய்ய வேண்டும். நாளைக்குக் காலையிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவசரப் பிரிவில் "அடிதடி" என்று வாய் திறந்து சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை, இன்ன நேரம், இன்ன இடம், பார்சல் கொண்டு வந்தவர் கையால் தள்ளியதில் படியில் விழுந்தேன் என்று சொல்லுங்கள். டாக்டர் அதை ஏ.ஆர். புத்தகத்தில் பதிவார். பேர் விபத்துப் பதிவேடு என்றாலும் அடிதடிக் காயமும் அதில்தான் ஏறும். அந்த ஏ.ஆர். நகல்தான் கேஸுக்கு அஸ்திவாரம். பிறகு போலீஸ் கேட்கும்போது ஆஸ்பத்திரி காயச் சான்று கொடுக்கும்.

முதல் சீட்டை ஒளிக்காதீர்கள். மனுவில் நீங்களே எழுதிவிடுங்கள்: "குடும்பத்தார் சொன்னதால் கூச்சத்தில் வழுக்கி விழுந்ததாக முதலில் சொன்னேன்." எதிர்த்தரப்பு வக்கீல் கண்டுபிடித்துச் சொன்னால் அது ஓட்டை. நீங்களே முதல் நாளில் சொன்னால் அது விளக்கம். பெண்கள் இப்படிச் சொல்லிவிட்டு வருவது புதிது இல்லை, கோர்ட்டுக்கும் தெரியும்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். ஏன் போடவில்லை என்று சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி. இல்லை, அதற்குப் பதில் பி.என்.எஸ். வந்துவிட்டது. வெறும் காயம் என்றால் 115(2). ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். இது ஒன்று மட்டும் இருந்தால் கோர்ட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. ஆகவே சி.எஸ்.ஆரோடு நிறுத்தப் பார்ப்பார்கள். ஆனால் பொது இடத்திலோ அதன் பக்கத்திலோ ஆபாச வார்த்தை சொன்னால் 296. அது போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடிய குற்றம். ஒரே சம்பவத்தில் அப்படி ஒன்று சேர்ந்திருந்தால் மொத்தமும் நேரடியாக எடுக்கக்கூடிய கேஸாகிவிடும்.

இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். "கெட்ட வார்த்தையில் திட்டினார்" என்று எழுதினால் பத்தாது. அவர் வாயில் வந்த வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். அந்த வார்த்தை இல்லாமல் பிரிவு கோர்ட்டில் நிற்காது. எழுதக் கூச்சமாக இருந்தால் பெண் காவலரிடம் சொல்லுங்கள், அவர் எழுதுவார், நீங்கள் படித்துக் கையெழுத்துப் போடுங்கள். தெருவில் கேட்ட நாலு பேரில் இரண்டு பேர் பெயரையாவது சேர்த்துவிடுங்கள்.

அப்படியும் போடவில்லை என்றால் மனுவைக் கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4) அதற்குத்தான். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடலாம். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கோர்ட் முதலில் அதைத்தான் கேட்கும்.

எதிரில் கேமரா இருக்கிறதா? இருந்தால் இன்று ராத்திரிக்குள் போய்ப் பாருங்கள். கேமரா காட்சியைச் சேமிக்கிற டி.வி.ஆர். பெட்டியில் பழையதை அழித்துத்தான் புதியது பதியும். சில இடத்தில் பத்துப் பதினைந்து நாள்கூட நிற்காது.

---

குட்டியானை ஓட்டி:

அக்கா, நான் நாமக்கல் பக்கம் பார்சல் வேன் ஓட்டுகிறேன். அந்த ஆள் செய்ததை எங்கள் ஆட்கள் யாருமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கை வைத்தது தப்பு, அதுவும் போனைப் பிடுங்கி ஓ.டி.பி. போட்டது பெரிய தப்பு.

உங்களுக்கு உதவுகிற மாதிரி உள்ளே இருந்து சில விஷயம் சொல்கிறேன். பெட்டி மேல் ஒட்டியிருக்கிற லேபிளைக் கிழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று பெட்டியை எடுக்க வந்தாலும், லேபிளை நாலு பக்கமும் போட்டோ எடுக்காமல் கொடுக்காதீர்கள். அதில் ஏ.டபிள்யூ.பி. நம்பர் என்று நீளமாக ஒன்று இருக்கும். எந்த ஹப், எந்த ரூட், யார் கையில் போனது என்பதெல்லாம் அந்த நம்பரைத் தொட்டால் வந்துவிடும். உங்கள் ஆப்பில் தெரிகிற டிரைவர் பெயரை நம்பாதீர்கள். ஒருத்தர் ஐ.டி.யில் இன்னொருத்தர் ஓட்டுவது நடக்கிறது. வண்டி நம்பர் யாராவது பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

ஓ.டி.பி. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் போடப்பட்டது என்பது டெலிவரி ஆப்பில் பதிவாகும். "அந்த ஆள் அங்கே வரவே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. போலீஸ் எழுத்தில் கேட்டால் கம்பெனி கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கம்பெனி என்ன செய்யும் தெரியுமா? ஐ.டி.யை பிளாக் செய்துவிட்டு "நடவடிக்கை எடுத்தாச்சு" என்று உங்களுக்கு மெசேஜ் போடும். அந்த ஆள் அடுத்த வாரம் வேறு கம்பெனி ஜாக்கெட்டில் நிற்பார். நாங்கள் வேலை செய்வதும் நேரடியாக அந்தப் பெரிய கம்பெனிக்கு இல்லை. நடுவில் ஒரு வேன் கான்ட்ராக்டர் இருப்பார். அவர் பெயரையும் கேட்டு வாங்குங்கள்.

பிரித்துப் பார்க்காமல் ஓ.டி.பி. சொல்லாதது உங்கள் தப்பு இல்லை அக்கா. டெலிவரி ஆகவில்லை என்று போட்டால் அந்தப் பார்சலுக்கு எங்களுக்குக் காசு வராது, மறுநாள் அதையே திரும்பச் சுமக்கணும். அந்த எரிச்சல் எனக்கும் வரும். வாசலில் நிற்கிற பொம்பளை மேல் அதைக் காட்டுவதற்கு அது காரணமே ஆகாது.

---

பிசியோ:

சட்டம் தெரியாது, கை தெரியும். கட்டைவிரலை நன்றாக நிமிர்த்துங்கள். மணிக்கட்டுக்கு மேலே, கட்டைவிரல் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அங்கே இன்னொரு கையால் மெதுவாக அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறதா?

வலித்தால் "சுளுக்கு" என்பதை அப்படியே நம்பி விட்டுவிடாதீர்கள். உள்ளங்கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு ஸ்காஃபாய்ட் என்ற சின்ன எலும்பு விரிசல் விடும். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். பத்துப் பதினான்கு நாள் கழித்து எடுக்கும்போது கோடு மாதிரித் தெரியும். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே நின்றுவிடும். தையல் கைக்கு அது பெரிய நஷ்டம். எலும்பு டாக்டரிடம் போய் இந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கள். அதுவரைக்கும் கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் வைக்கிற கட்டு வேண்டும். எண்ணெய் போட்டு உருவி விட யாரையும் விடாதீர்கள்.

---

ஊசிநூல் (திருப்பூர்):

எல்லோருக்கும் நன்றி. அழுத்திப் பார்த்தேன், உயிர் போகிற மாதிரி வலித்தது.

ரைட்டர் ஐயா சொன்ன மாதிரி இன்றைக்குக் காலையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்தத் தடவை கொழுந்தனாரைக் கூப்பிடவில்லை, என் மகள் வந்தாள். டூட்டி டாக்டர் ஒரு பொண்ணு, என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். "எப்படி அடிபட்டது?" என்றார். தள்ளினார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. மகள் என் முதுகில் கை வைத்தாள். சொன்னேன். "எந்தக் கையால் தள்ளினார்?" என்று கேட்டுக்கேட்டு எழுதினார். தோளில் பச்சையாகக் கன்றியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை, அவர்தான் பார்த்து அளந்து எழுதினார். கட்டைவிரல் வரை கட்டுப் போட்டார்கள். அடுத்த வாரம் கடைசியில் திரும்ப எக்ஸ்ரே.

எதிரில் பிரிண்டிங் பட்டறையில் கேமரா இருக்கிறது. முதலாளி தங்கமான மனுஷர். படி முழுசாகத் தெரியவில்லை, மேலே வாசலும் அதை ஒட்டிய படியும் மறைந்திருக்கிறது. நான் வந்து விழுவது தெரிகிறது. அவர் கை தெரியவில்லை. அதைப் பார்த்ததில் இருந்து மனசு சரியில்லை. விழுந்தது மட்டும்தான் அதில் இருக்கிறது என்றால் "படியில் விழுந்தார்" என்கிற சீட்டுக்குத்தானே அது சாட்சி?

---

வக்கீல் (ஈரோடு):

அக்கா, அந்தக் காட்சியைக் குறைவாக எடை போடாதீர்கள். வழுக்கி விழுகிறவர் எப்படி விழுவார், தள்ளப்பட்டவர் எப்படி விழுவார் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் முன்பக்கம் பார்த்தபடி விழுந்தீர்களா, பின்பக்கமாகவா? அவர் ஓடி வந்து தூக்கினாரா, இல்லை உங்களைத் தாண்டி இறங்கிப் போனாரா? விழுந்த பெண்ணைத் தாண்டிக்கொண்டு வேன் ஏறுகிற மனிதர் ஒருவர் அந்தப் படத்தில் இருந்தால் அதுவே நிறையப் பேசும். கூடவே தோளில் கன்றிய காயம் ஏ.ஆரில் ஏறிவிட்டது. வழுக்கி விழுந்தால் உள்ளங்கை அளவுக்குத் தோளில் முன்பக்கம் கன்றாது.

பதிவை நீங்கள் போனில் படம் பிடித்து வைத்தது போதாது. பட்டறைக்காரரிடம் சொல்லி டி.வி.ஆரில் இருந்து நேரடியாகப் பென் டிரைவில் எடுங்கள். சம்பவத்துக்குப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் சேர்த்து எடுக்க வேண்டும். புதிய சாட்சியச் சட்டத்தில் 63(4) பிரிவின்படி ஒரு சான்று அதனோடு வர வேண்டும். எந்தக் கருவியில் பதிவானது, யார் பொறுப்பில் இருந்தது என்று அதில் இருக்கும். இரண்டு பகுதி. ஒன்றைக் கருவியின் பொறுப்பாளரும் மற்றதை நிபுணரும் தர வேண்டும். போலீஸ் அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் "பதிவை எடுத்துப் பாதுகாக்க வேண்டுகிறேன்" என்ற வரி உங்கள் மனுவில் கட்டாயம் இருக்கட்டும்.

பிசியோ சொன்னதற்குச் சட்டத்திலும் பெரிய அர்த்தம் இருக்கிறது. எலும்பு முறிந்திருந்தால் அது சாதாரணக் காயம் இல்லை, கொடுங்காயம். பி.என்.எஸ். 117(2), ஏழாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு, போலீஸ் நேரடியாக எடுக்க வேண்டிய குற்றம். விரிசல் தெரியாமலே போனாலும் ஒரு வழி இருக்கிறது. 15 நாள் தன் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலும் கொடுங்காயம்தான். பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. ஆகவே உங்கள் ஆர்டர் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். எந்தத் தேதியில் எந்தத் துணியைத் திருப்பிக் கொடுத்தீர்கள், யார் யாருக்கு முன்பணம் திருப்பினீர்கள், எல்லாம். எஃப்.ஐ.ஆர். சாதாரணக் காயத்தில் போட்டிருந்தாலும் இரண்டாவது எக்ஸ்ரே வந்ததும் பிரிவை மாற்றச் சொல்லி மனுக் கொடுக்கலாம். போலீஸ் கோர்ட்டுக்குப் பிரிவு மாற்ற அறிக்கை அனுப்பும்.

ஆளை உடனே கைது செய்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏழாண்டு வரையிலான குற்றத்துக்கு முதலில் பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு அழைப்பதுதான் வழக்கம். அதைப் பார்த்து "விட்டுவிட்டார்கள்" என்று மனம் உடைய வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று போலீஸே உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

எதிர்ப்புகார் வரலாம். நீங்கள் சட்டைக் கையை இழுத்ததைச் சொல்லி "அவங்கதான் முதலில் கை வைத்தார்கள்" என்பார். அதனால் உங்கள் மனுவிலேயே அதை எழுதுங்கள்: பிடுங்கிய என் போனைத் திரும்ப வாங்க இழுத்தேன் என்று.

சமரசம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டாயம் பேச வருவார்கள். சாதாரணக் காயத்தை நீங்களே ராஜி செய்துகொள்ள முடியும். கொடுங்காயம் என்றால் கோர்ட் அனுமதி வேண்டும். ராஜிக்குப் போவதும் போகாததும் உங்கள் உரிமை, யாரும் குறை சொல்ல முடியாது. என் ஒரே வேண்டுகோள், இரண்டாவது எக்ஸ்ரே வரும் வரைக்கும் ஸ்டேஷனிலோ கம்பெனியிலோ எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த "ஆம், இல்லை" மெசேஜுக்கு "இல்லை" என்று அழுத்துங்கள்.

இப்போது கம்பெனி. குற்ற வழக்கு அந்த ஆள் மீது. கம்பெனிக்கு வேறு வழி. 2020இன் மின்வணிக விதிகளின்படி அவர்களுக்கு ஒரு குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேரில் பேசியதோடு நிறுத்தாதீர்கள். குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் போடுங்கள். டிரைவரின் முழு விவரம், ஓ.டி.பி. போடப்பட்ட நேரம், வேன் கான்ட்ராக்டர் பெயர், உங்களோடு பேசிய போன் பதிவுகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதியுங்கள்.

அதற்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டாண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், அவர்கள் தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. விற்ற தளம், விற்பனையாளர், பார்சல் கம்பெனி, வேன் கான்ட்ராக்டர் என்று நாலு பேரையும் சேர்க்க வேண்டும். ஒருத்தரை விட்டால் மற்றவர் அவர் மேல் கையைக் காட்டுவார். "டிரைவர் எங்கள் ஊழியர் இல்லை, நாங்கள் இடையில் இருக்கிற தளம்தான்" என்பது அவர்களின் வழக்கமான பதில். அந்த வாதம் சில சமயம் எடுபடும், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் பணம் கொடுத்தது பொருளுக்கும் அது வீடு வந்து சேர்வதற்கும். சேர்க்கிற வேலையின் நடுவில், அந்த வேலையை முடிப்பதற்காகவே நடந்த அடி இது.

இன்னொரு எதிர்வாதமும் வரும். தையல் தொழிலுக்கு வாங்கிய மெஷின், ஆகவே நீங்கள் நுகர்வோரே இல்லை என்பார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் ஒருவரே உட்கார்ந்து தைக்கிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

வக்கீல் செலவுக்குக் கவலை வேண்டாம். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

---

ஓய்வுபெற்ற ரைட்டர்:

வக்கீலம்மா சொன்னது அத்தனையும் சரி. ஒன்று சேர்க்கிறேன். புது மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் ஸ்டேஷன் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். மனுவில் "மதியம்" என்று எழுதாமல் ஓ.டி.பி. மெசேஜ் வந்த நேரத்தைப் பார்த்து எழுதுங்கள். உடைந்த போனை இப்போது சரி செய்ய வேண்டாம், அதுவும் சாட்சிதான்.

---

ஊசிநூல் (திருப்பூர்):

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இடது கையால் டைப் செய்வதால் தாமதம்.

மெசேஜ் வந்த நேரம் 2.41. அதையே எழுதினேன். அந்த இரண்டு வார்த்தையை ஒரு பெண் ஏட்டிடம் சொன்னேன். அவர் முகம் மாறாமல் எழுதிவிட்டு, "சரியா இருக்கான்னு படிச்சுப் பாருங்கக்கா" என்று திருப்பி நீட்டினார். எனக்குத்தான் கை நடுங்கியது. பேசி முடிக்கலாம் என்று முன்னாடி சொன்னவர் அன்றைக்கும் இருந்தார். ஏ.ஆர். நகலையும் பென் டிரைவையும் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே எஃப்.ஐ.ஆர். போட்டார்கள்.

வக்கீல் தங்கச்சி கேட்டதை வைத்து அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் பின்பக்கமாகத்தான் வந்து விழுகிறேன், முகம் மேலே பார்த்தபடி. அவர் என்னைத் தாண்டி இறங்குகிறார். கால் என் முந்தானையில் படாமல் ஒதுங்கி இறங்குகிறார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தன் போனை ஒரு தடவை பார்க்கிறார். அப்புறம் வேன். பட்டறைப் பையன் ஒருத்தன் வண்டி நம்பரின் கடைசி நாலு எண்ணைச் சொன்னான், லேபிளை வைத்து மீதியைப் போலீஸ் எடுத்துவிட்டது.

இன்றைக்கு இரண்டாவது எக்ஸ்ரே. கோடு தெரிகிறது. பிசியோ சொன்ன அதே எலும்பு. முதலில் ஆறு வாரம் மாவுக்கட்டு, அப்புறம் பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர். தீபாவளித் துணி மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இருபத்திரண்டு பிளவுஸ். நோட்டில் ஒவ்வொருத்தரிடமும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். பிரிவை மாற்றச் சொல்லி நாளைக்கு மனுக் கொடுக்கிறேன். குறைதீர் அதிகாரியிடம் இருந்து "கிடைத்தது" என்று ஒரு வரி வந்திருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. ஒரு மாதம் முடிந்ததும் சட்ட உதவி வக்கீலோடு ஆணையத்துக்குப் போகிறேன்.

எஃப்.ஐ.ஆர். நகலை வீட்டில் மகள் சத்தமாகப் படித்தாள். "இடது தோளில் கையால் தள்ளியதில்" என்ற இடம் வந்தபோது மாமியார் அடுப்படியில் இருந்து வெளியே வந்து நின்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி எனக்குச் சாப்பாட்டைப் பிசைந்து கொடுத்தார்.

ஒரு சந்தேகம் மட்டும். மாவுக்கட்டுக்கும் எக்ஸ்ரேக்கும் தனியாரில் கொடுத்த பில்லில் என் பெயரை ஒரு எழுத்து மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஆணையத்தில் கொடுப்பதற்கு முன் அதைத் திருத்தி வாங்க வேண்டுமா?

---

வக்கீல் (ஈரோடு):

வாங்கிவிடுங்கள் அக்கா. ஆதார் நகலைக் காட்டினால் கவுன்ட்டரிலேயே திருத்திச் சீல் வைத்துக் கொடுப்பார்கள். பழைய பில்லையும் தூக்கிப் போடாமல் அதனோடு பின் செய்து வையுங்கள்.